விலைப்பொருளும் வினைத்தொடர்பும்

உயிர்கள் மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் வினையை ஈட்டும் என்பதும், ஒரு வினையைத் தானே செய்தல், பிறரை ஏவிச் செய்வித்தல், பிறர் செய்ய உடன்படுதல் என்னும் மூவகையானும் அவ்வினை ஒருவனைச் சாரும் என்பதும் ஆன்றோர் துணிபு. இவற்றுள் முன்னைய இரண்டும் எளிதின் விளங்குவன. உடன்படுதல் என்பது யாது, அஃது எவ்வெல்லைகாறும் செல்லும் என்பதே ஆராயத்தக்கது. ஒருவன் கடைக்குச் சென்று கேட்ட விலையைக் கொடுத்து ஒரு பொருளை வாங்குகின்றான். அப்பொருளை ஆக்கினோர் கூலியின்றிக் கட்டுண்டும் அச்சுறுத்தப்பட்டும் அதனை ஆக்கினராயின், அக்கொடுமை விலை கொடுத்தவனைச் சாருமோ, சாராதோ? அவன் அதனை அறிந்திலன் எனின், அவ்வறியாமை அவனைக் காக்குமோ? வாணிகம் கடல் கடந்து விரிந்து, ஆக்குவோனும் வாங்குவோனும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாத இந்நாளில் இவ்வினா பெரிதும் ஆராய்தற்குரியதாயிற்று.

சைவ நன்மக்கள் இவ்வினாவின் ஒரு பகுதிக்கு முன்னரே விடை கண்டவர்கள். ஊனுண்பான் ஒருவன், "யான் கொன்றிலேன்; பிறன் கொன்றதை விலைக்கு வாங்கினேன்; ஆதலின் கொலைப்பாவம் எனக்கில்லை" என்பானாயின், அவனுக்குத் திருவள்ளுவனார் புலான்மறுத்தலில் விடை கூறிவைத்தார். உண்ணும்பொருட்டுக் கொள்வார் உலகத்து இலராயின், பொருள்பொருட்டுக் கொன்று விற்பாரும் இலராவர் என்பதே அவ்விடையின் பொருள். கொலைஞன் கையிலுள்ள கத்தியை வாங்குவோன் கொடுக்கும் காசே தீட்டுகின்றது என்பது இதனாற் பெறப்படும். தலைமுறை தலைமுறையாகப் புலால் நீக்கிய குடும்பங்கள் இந்நியாயத்தைக் கைக்கொண்டே வாழ்கின்றன. அங்ஙனமாயின், இந்நியாயம் ஊன் ஒன்றற்கே உரியதோ? செங்கல்லுக்கும் சர்க்கரைக்கும் அரிசிக்கும் ஆடைக்கும் உரியதன்றோ? ஆட்டின் கழுத்தில் வீழ்ந்த வெட்டு வாங்குவோனைச் சாருமாயின், மனிதக் குழவியின் கழுத்தில் ஏற்றிய கடன் நுகம் வாங்குவோனைச் சாராது ஒழிதல் யாங்ஙனம்? ஒன்றனை ஏற்று மற்றதனை மறுத்தல் நடுவுநிலைமை ஆகாது.

இனி, அடிமை என்பதன் இயல்பை ஆராய்வாம் எனின், சித்தாந்த நூல்கள் உயிர்க்கு வழங்கும் பெயரே அதற்கு வழிகாட்டும். உயிர் பாசத்தாற் கட்டுண்டமையின் பசு எனப்பட்டது. அக்கட்டினை அவிழ்த்தற்கு உரியவன் பதி ஒருவனே. அடியார் தம்மை அடிமை என்று சொல்லிக்கொள்வது அவ்வொருவனையே நோக்கி. அவன் உடையான், உயிர்கள் உடைமை. ஓருயிர் தன்னையொத்த மற்றோருயிரைத் தன் உடைமை என்று கொள்ளுமாயின், அது பதிக்குரிய உரிமையைப் பசு கவர்ந்துகொள்வதாம். 'யான்', 'எனது' என்னும் செருக்கு நிலத்தையும் பொன்னையும் பற்றுதலோடு நில்லாது பிறிதோர் உயிரையே பற்றுமிடத்து, ஆணவமலத்தின் முதிர்ச்சி வெளிப்படையாகக் காணப்படும்.

ஈண்டு ஒரு தடை எழும். தென்பெண்ணை பாயும் நாட்டிலுள்ள திருவெண்ணெய்நல்லூரில், முதியோர் ஒருவர் ஆளோலை காட்டி நம்பியாரூரரை வழிவழியடிமை என்று வழக்குரைத்து வென்ற வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைத்தாரன்றோ? பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை பேரனைக் கட்டுமாயின், தந்தை வாங்கிய கடனுக்கு மகன் உழைத்தல் குற்றமாமோ என வினவுவார் உளர். அற்றன்று. அவ்வரலாற்றில் உரிமை கோரி வந்தவர் உயிர்கட்கெல்லாம் உடையவராகிய இறைவரே. அவரும் தம் வலிமையால் ஆரூரரைப் பற்றி இழுத்துச் செல்லவில்லை. அவையத்தார்முன் வழக்கு வைத்தார், ஓலையை நீட்டினார், பாட்டனாரின் கையெழுத்து வேறோர் எழுத்தோடு ஒப்புநோக்கித் தெளியப்பட்டது. ஆளப்பட்டவர் அதனால் இழந்தது ஒன்றுமில்லை; பெற்றது பேரின்பம். மாந்தன் மாந்தனைக் கட்டும் கட்டிலோ அவையமில்லை, ஒப்புநோக்கத்தக்க எழுத்துமில்லை, கட்டுண்டான் பெறுவதும் ஒன்றில்லை. ஆண்டவனுக்கேயுரிய ஓலையைப் பார்த்து எழுதிய பொய்யோலையே கொத்தடிமைக் கடன் என்க. இந்திய நாட்டின் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும், தொழிலாளி ஒருவர் தம்மேலுள்ள கடன் கொத்தடிமைக் கடன் என்று முறையிட்டால், அஃது அத்தகையதன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவன்மேலேயே ஏற்றிவைத்தது. உரிமை கோருவோனே சான்று காட்டுக என்னும் திருவெண்ணெய்நல்லூர் முறையோடு இது பெரிதும் ஒத்துநிற்றல் காண்க.

சைவவுலகு இவ்விடத்துத் தன் பழைய ஏடுகளையும் மறையாது நோக்குதல் வேண்டும். சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் ஆட்கள் தம்மைத் திருக்கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்திகளைக் கூறுகின்றன. 1201-ஆம் ஆண்டில், வற்கடம் நேர்ந்து நெல் அரிதாகிய காலத்து, திருப்பாம்புரத்தில் வேளாளர் ஒருவர் தம் மகளிர் இருவரோடு 110 காசுக்குத் தம்மைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார் என்பது கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. பசியால் மாய்வதினும் அது நன்று என அக்காலத்தார் கருதியிருக்கலாம். ஆயினும், பசித்தவனுக்குச் சோறிட்டு விடுத்தல் ஒன்று, சோற்றை விலையாக வைத்து அவனையும் அவன் மக்களையும் கொள்ளுதல் வேறொன்று. கொத்தடிமையின் வேர் அங்கே தெரிகின்றது. பிறனது இடுக்கணே அதன் விளைநிலம். முன்னர்க் கொடுக்கும் சிறுதொகையே அதன் வித்து.

புதுவைக் கடற்கரை இக்கொடுமையைப் பெரிய அளவிற் கண்ட இடமாகும். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பிய வணிகர் மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றினர். புதுவையில் வாழ்ந்த ஆனந்தரங்கப்பிள்ளை (1709–1761) எழுதிய நாட்குறிப்பில், 1743-ஆம் ஆண்டில் ஏழை மக்களை வஞ்சித்துப் பிடித்து அடைத்துவைத்து அடிமைகளாக அனுப்பிய செய்தி காணப்படுகின்றது. ஏமாற்றி அழைத்தவர் உள்ளூரார், அடைத்துவைத்தவர் அவருக்கு மேலோர், ஏற்றிச்சென்றவர் கப்பலோர், வேலை கொண்டவர் தொலைவிலுள்ள தீவினர். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் குற்றம் மாறிச்சென்றமையின், எவர் கையும் முழுதும் கறைபட்டதாக அவரவர்க்குத் தோன்றவில்லை.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. அந்நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்க மேற்குக் கரையில் அடிமைகளை வாங்குதற்கு ஐரோப்பியர் கொடுத்த பண்டங்களுள் இந்தியத் துணி தலைமையானது. சோழமண்டலக் கரையின் தறிகளிலே நெய்து நீலமூட்டிய துணியும் அவற்றுள் அடங்கும். நெய்தவர் தறிக்குழியை விட்டு அகலாதவர். அவருக்கு ஆப்பிரிக்கம் என்னும் பெயரும் தெரிந்திராது. நேரிய உழைப்பால் நெய்த துணி, எட்டாத கரையில், மற்றொருவன் மனைமக்களைப் பிரிக்கும் விலையாக மாறிற்று. அந்நெசவாளர்மேல் குற்றம் சாராது. அறிதற்கு அவருக்கு வழியில்லை. ஆனால் இரு கரைகளையும் கண்டு, இரு கணக்குகளையும் ஓரேட்டில் எழுதிய வணிகக் கூட்டத்தார்மேல் அது சாரும், அவர் அறிந்தவர். எனவே, வினைத்தொடர்பு தொலைவால் அறுவதன்று. அறிவினாலும் அறிதற்குரிய ஆற்றலினாலும் அளக்கப்படுவது என்பது பெறப்படும்.

பிரித்தானிய இந்தியாவில் 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறைக்கு நீதிமன்றத்தின் துணையை நீக்கியது. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848-ஆம் ஆண்டு ஏப்பிரல் 27-ஆம் நாள் ஆணை அதனை ஒழித்தது. ஒழிந்தது பெயரே, தேவை ஒழியவில்லை. ரெயூனியோன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக்கூலி என்னும் பெயரால் ஓரிலக்கத்திற்கு மேற்பட்ட இந்தியர் அனுப்பப்பட்டனர். அவருட் பலர் புதுவையிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர். 1853, 1854-ஆம் ஆண்டுகளில் மார்த்தினீக்கு, குவாதலூப் தீவுகளுக்கும் அவ்வாறே மக்கள் சென்றனர். ஒப்பந்தக் கூலிகள் நடத்தப்பட்ட கேட்டினால் 1882-ஆம் ஆண்டில் பிரித்தானிய இந்திய அரசு ரெயூனியோனுக்கு ஆள் அனுப்புதலை நிறுத்திற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணி கொடுத்த முன்பணமும், தொழிலாளியின் கடனைக் குறித்து ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குச் செல்லும் 'துண்டு' என்னும் சீட்டும் அதே கட்டின் வேறு வடிவங்கள்; துண்டுமுறை 1921-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அடிமை, ஒப்பந்தக்கூலி, பண்ணையாள், கொத்தடிமை எனப் பெயர் மாறிமாறி வர, விட்டு நீங்கும் உரிமை இன்மை என்னும் இலக்கணம் மட்டும் மாறாது நின்றது.

பழங்கதை போதும், இக்காலத்து இஃதில்லை என்பாரும் உளர். பன்னாட்டுத் தொழிலமைப்பும் அதனொடு சேர்ந்த அமைப்புக்களும் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021-ஆம் ஆண்டில் உலகில் 2 கோடியே 76 இலட்சம் மக்கள் கட்டாய உழைப்பில் இருந்தனர். தொலைவிற் செல்லவேண்டா, புதுவையின் நாட்டுப்புறத்தையே நோக்குக. திருக்காமீசுவரர் எழுந்தருளிய வில்லியனூரும், மூலநாதர் எழுந்தருளிய பாகூரும் பழம்பதிகள். பாகூரிலே பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்து, ஒன்பதாம் நூற்றாண்டில், கல்விக்கூடம் ஒன்றற்கு ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டமையை அங்குக் கிடைத்த செப்பேடு கூறும். பிள்ளைகள் கற்றற்பொருட்டு ஊர்களையே ஈந்த அந்நாட்டின் அயலிலே, 2020-ஆம் ஆண்டில், வில்லியனூரையடுத்த கோர்க்காட்டில் வாத்து வளர்ப்பாரிடம் கொத்தடிமைகளாக இருந்த இருளர் சிறுமியர் சிலர் மீட்கப்பட்டனர். சிறுதொகையின் பொருட்டு வேலைக்கு விடப்பட்ட அச்சிறுமியர்மேற் பாலியற் கொடுமையும் நிகழ்ந்ததெனக் காவற்றுறையினர் வழக்குப் பதிந்தனர். அவ்வாத்தின் முட்டையும் ஊனும் எத்துணை அடுக்களைகளுக்குச் சென்றன என்பதை யாரே அறிவார்! வாங்கியவர் எவரும் அச்சிறுமியரைக் கண்டிலர்.

சங்கராபரணியும் தென்பெண்ணையும் வண்டல் படிந்த இந்நாட்டில் நெல்லும் கரும்பும் விளைதலோடு செங்கற்சூளைகளும் உள்ளன. சூளை யாவும் குற்றமுடையன என்றல் பொருந்தாது. நேரிய கூலி கொடுப்பாரும் உளர். ஆயினும், குற்றம் நிகழுமிடத்து அது நிகழும் முறை ஏறக்குறைய ஒன்றே. வேலையில்லாத மழைக்காலத்தில் மேஸ்திரி சேரிக்கு வந்து முன்பணம் கொடுப்பான். மருத்துவத்திற்கோ, திருமணத்திற்கோ, ஈமக்கடனுக்கோ அப்பணம் அன்றே செலவாகும். பின்னர்க் குடும்பம் முழுதும் சூளையிற் குடிலிட்டுத் தங்கி, இருள் புலருமுன் எழுந்து மண் பிசைந்து கல்லறுக்கும். ஆயிரங் கல்லுக்கு இவ்வளவு எனப் பேசிய கூலியில், வாரந்தோறும் உணவுக்குச் சிறிது காசு கொடுத்து, எஞ்சியதை முன்பணத்திற் கழிப்பதாகச் சொல்லுவர். கழித்த கணக்கு மேஸ்திரியின் ஏட்டில் இருக்கும். எழுத்தறியாதார் அதனைப் படித்தறியார். மழையால் நனைந்து கரைந்த கல் கணக்கில் ஏறாது. இடையில் நோய் வரின் புதிய கடன் ஏறும். பருவம் முடியும்போது கடன் தீராது நிற்க, அடுத்த பருவத்திற்கும் அக்குடும்பம் கட்டுண்டதாகும். நீங்க நினைப்பானாயின் அடியும் அச்சுறுத்தலும் தொடரும். அல்லது குடும்பத்தில் ஒருவரைப் பிணையாக நிறுத்திக்கொள்வர். சங்கிலியும் விலங்கும் இங்கே வேண்டா. ஏட்டில் எழுதிய எண்ணே விலங்காகும்.

இவ்வலையில் மிகுதியும் அகப்படுவோர் இருளர் முதலிய எளிய குடியினர். புதுவையில் இருளர் பழங்குடியினராக ஏற்கப்பட்டதே 2016-ஆம் ஆண்டில்தான். நிலமும் சான்றுச்சீட்டும் எழுத்தும் இல்லாதார் எளிதில் கடனுக்கு அகப்படுவர். அன்றியும், புதுவைப் பகுதியின் கொம்யூன்கள் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களோடு துண்டு துண்டாகப் பின்னிக்கிடக்கின்றன. சூளை ஓரரசின் எல்லையிலும், தொழிலாளியின் வீடு மற்றோரரசின் எல்லையிலும், முன்பணம் கொடுத்த இடம் பிறிதோரிடத்தும் இருத்தல் கூடும். எல்லையைக் காட்டி ஒருவர்மேல் ஒருவர் பொறுப்பைச் சாற்றுதற்கு இஃது இடந்தரும்.

சட்டமோ ஐயத்திற்கிடமின்றி உள்ளது. அரசியலமைப்பின் 23-ஆம் உறுப்பு கட்டாய உழைப்பையும் மனித வாணிகத்தையும் விலக்குகின்றது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமைக் கடன் யாவும் அழிந்தன என்றது. கொத்தடிமையாக வேலை வாங்கினாற்கு மூன்றாண்டு வரை சிறையும் தண்டமும் விதித்தது. 1982-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம், குறைந்த அளவுக் கூலியினும் தாழ்ந்த கூலிக்கு ஒருவன் உழைப்பானாயின், வறுமையின் வலி அவனை அங்ஙனம் உழைக்கச் செய்ததேயாகலின் அதுவும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. "அவன் இசைந்தன்றோ வந்தான்" என்னும் சாக்கு இத்தீர்ப்பால் வீழ்ந்தது. பசி கையைப் பிடித்து வைத்த கைந்நாட்டு இசைவாகாது என்பது அறநூலார்க்கும் உடன்பாடே.

இனி, முதல் வினாவிற்கு வருக. வீடு கட்டுவோன் ஒப்பந்தக்காரனிடம் வேலையை ஒப்புவிக்கின்றான். அவன் கல் வணிகனிடம் வாங்குகின்றான். வணிகன் சூளைக்காரனிடமும், சூளைக்காரன் மேஸ்திரியிடமும் பொறுப்பை விடுகின்றனர். மேஸ்திரியின் கீழ் அக்குடும்பம் கிடக்கின்றது. வீட்டுக்காரனை வினவின் "அறியேன்" என்பான். ஒப்பந்தக்காரனும் வணிகனும் அதனையே சொல்வர். சூளைக்காரன் "மேஸ்திரி அறிவான்" என்பான். பெரிய நிறுவனங்கள் கடல் கடந்து வாங்கும் பண்டங்களிலும் இவ்வடுக்கு நீள்வதன்றி மாறுவதில்லை.

அறியாமை மூவகைப்படும். அறிதற்கு வழியே இல்லாமை ஒன்று, தறிக்குழியிலிருந்த பழைய நெசவாளர் நிலை அது, அதற்குக் குற்றமில்லை. வழியிருந்தும் கேளாமை இரண்டாவது, அது மடி. கேட்டால் விலை ஏறும் என்று அஞ்சிக் கேளாதிருத்தல் மூன்றாவது. அஃது அறியாமை போலத் தோன்றும் அறிவேயாம். ஒரு பொருளின் விலை, அதனை ஆக்கிய கைகளுக்குரிய கூலியைக் கூட்டிப் பார்த்தாலே அடங்காத அளவு தாழ்ந்திருக்குமாயின், அவ்விலையே சான்றாக நின்று உண்மையைக் கூறுகின்றது. அதனைக் கேளாத செவி மறைக்கப்பட்டது அன்று; தானே மூடிக்கொண்டது. அறிவை மறைத்தலே ஆணவத்தின் தொழில் என்ப. தன் நலத்தின்பொருட்டுத் தன் அறிவைத் தானே மறைப்பவன் அம்மலத்திற்குத் துணைசெய்கின்றான்.

ஆரூர்ச் சோழன் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. இளவரசன் கன்றைக் கொல்லக் கருதிலன். அது தேர்க்காலிற் புகுந்ததையும் கண்டிலன். அமைச்சர், மறைவிதித்த கழுவாய் செய்தாற் போதும் என்றனர். அரசனோ, அக்கழுவாய் தாய்ப்பசுவின் துயரை மாற்றுமோ என்று வினவினான். உலகு காப்போன் தன்னாலும் தன் ஏவலராலும் பகைவராலும் கள்வராலும் பிற உயிர்களாலும் வரும் அச்சத்தைக் குடிகளினின்று நீக்கக் கடவன் என்பது அவன் கொண்ட முறை. அவற்றுள் ஏவலரால் வரும் அச்சத்தைத் தனியே எண்ணியமை நோக்குக. "என் கீழோன் செய்தான்" என்பது அம்முறையில் விடையாகாது. அதுவே குற்றத்தின் ஒரு வகையாகும். தேர் பெரிதாயின் அதன் சக்கரத்தின் கீழ் நோக்கும் கடனும் பெரிது. ஆயிரவர் உழைப்பை வாங்கும் நிறுவனம் அத்தகைய தேரே.

பிறநாட்டுச் சட்டங்கள் சில இக்கடனை நிறுவனங்கள்மேல் ஏற்றத் தொடங்கியுள்ளன. இங்கிலாந்தின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு 3 கோடியே 60 இலட்சம் பவுனும் அதற்கு மேலும் வரவுடைய நிறுவனங்கள், தமக்குப் பண்டம் தருவோரிடத்து அடிமைமுறை நிகழாமற் காத்தற்குச் செய்தன யாவை என்று ஆண்டுதோறும் அறிக்கையிட வேண்டும் என்றது. ஆனால், ஒன்றும் செய்திலேம் என்று அறிக்கையிடினும் அச்சட்டத்திற்கு அமையும். பிரான்சின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பெருநிறுவனங்கள் தீங்கை முன்னறிந்து தடுக்கும் திட்டம் வகுத்து நடத்தவேண்டும் என ஒருபடி மேற்சென்றது. அறிக்கை மட்டும் எழுதுதல் அமைச்சர் சொன்ன கழுவாய் போல்வது. தாய்ப்பசுவின் கண்ணீரை அது துடைக்காது.

துடைத்தற்கு வழி ஒன்று தமிழ்நாட்டிலேயே தோன்றியது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில், மூன்றாண்டு வேலை முடிவில் திருமணத்திற்கு ஒரு தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய 'சுமங்கலித் திட்டம்' பலராலும் கண்டிக்கப்பட்டது. இடையில் நீங்கினவர் அத்தொகையை இழப்பர். பின்னர்க் கொடுக்கும் பணமும் முன்பணம் போலவே கட்டும் என்பதற்கு அது சான்று. 2022-ஆம் ஆண்டில், திண்டுக்கல்லில் ஓர் ஆடைத்தொழிற்சாலையின் உரிமையாளராகிய ஈஸ்ட்மென் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும், தமிழ்நாடு நெசவு மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும், ஆசிய அமைப்பொன்றும், ஆடை வாங்கும் எச் அண்டு எம் நிறுவனமும் உடன்படிக்கை செய்தன. பெண் தொழிலாளர்மேல் நிகழும் கொடுமையைத் தடுத்தலும் சங்கம் சேரும் உரிமையைக் காத்தலும் அதன் பொருள். வாங்குவோரும் கையெழுத்திட்டமையே அதன் சிறப்பு. தொழிலாளர் வாயால் உண்மை வெளிவர வழி செய்து, வாங்குவோர் தம் வாணிகத்தையே பிணையாக வைத்தமையின், அது வெற்றறிக்கையினும் வலியதாயிற்று.

புதுவையிலும் உழைப்போர் குரலே முறையைத் தந்தது. 1936-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள் சவானா ஆலையில் துப்பாக்கிச் சூட்டிற் பன்னிருவர் உயிரிழந்தபின்னரே, 1937-ஆம் ஆண்டில் பிரெஞ்சிந்தியாவிற்கு எட்டுமணி நேர வேலையும் சங்க உரிமையும் வந்தன. குரலில்லாதார் குரல் பெறுதலே கட்டவிழ்தலின் முதற்படி என்பது இதனால் விளங்கும்.

இதன்மேல் மூன்று தடைகள் நிகழும். முதலாவது, கட்டுண்டோர் தம் முன்செய்வினைப் பயனையே நுகர்கின்றனர். அதனை விலக்கப் புகுதல் வினையின் முறைக்கு மாறாகும் என்பது. அது பொருந்தாது. ஒருவன் தன் பிராரத்தத்தை நுகர்தல் உண்மையாயினும், அதனை ஊட்டும் கருவியாக மற்றொருவன் தன்னை அமைத்துக்கொள்வானாயின் அவனுக்கு ஆகாமியம் ஏறும். நோயுற்றாற்கு மருந்து கொடுப்பவன் வினையின் முறையைக் குலைப்பவன் அல்லனாயின், கட்டுண்டானை அவிழ்ப்பவனும் குலைப்பவன் அல்லன். வினையைக் காட்டிக் கொடுமையைக் காப்பது சித்தாந்தமாகாது. சித்தாந்தத்தின் பெயரால் ஆணவம் பேசுவதாம்.

இரண்டாவது, வாங்காது விடின் ஏழையின் பிழைப்பு கெடும் என்பது. மெய்யே; ஆதலின் வாங்காது ஓடுதல் அறமன்று. குற்றம் கண்டவுடன் கொள்முதலை வேறிடத்திற்கு மாற்றித் தன் கையைக் கழுவுவோன், கட்டுண்டோரைக் கட்டோடே விட்டுச் செல்கின்றான். அங்கு நின்று திருத்துதலும், திருந்தியதற்குரிய விலையைக் கொடுத்தலுமே அறம். மூன்றாவது, விலை ஏறும் என்பது. ஏறுக. புலால் நீத்தார் நாவின் சுவையை இழந்தே அறங்கொண்டனர். இழப்பில்லாத அறம் யாண்டும் இல்லை.

ஆகவே வாங்குவோர் கடன்கள் ஐந்து. தமக்கு வரும் பண்டம் எக்கையில் தொடங்கிற்று என்று கடைக்கை வரையிற் சென்று கேட்டல் ஒன்று. கூலி அடங்கும் விலையைப் பேசி, பேசியதை நாள் தவறாது கொடுத்தல் இரண்டு. மேலோர் தாழ்த்திக் கொடுக்கும் விலையும் தாழ்த்துக் கொடுக்கும் பணமுமே கீழே முன்பணக் கட்டாக இறுகுகின்றன. முன்பணத்தாற் கட்டாமலும், அடையாளச் சீட்டுக்களைப் பிடித்து வையாமலும், பிள்ளைகளை வேலையில் இறக்காமலும், கூலியை அவரவர் கையிலேயே கணக்கோடு கொடுத்தலை ஒப்பந்தத்தில் எழுதுதல் மூன்று. மேஸ்திரியை இடைவையாது தொழிலாளர் சொல்லைக் கேட்டல் நான்கு. குற்றம் கண்டவிடத்து மறையாமல் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்து, மீண்டோர் வாழ்வு நிலைபெறுமளவும் உடனிருத்தல் ஐந்து. விடுவிக்கப்பட்டார்க்கு விடுதலைச் சான்று பெறவும், அரசின் திட்டப்படி உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், பின்னர் ஓரிலக்கம் முதல் மூன்றிலக்கம் ரூபாய் வரையும் மறுவாழ்வுத் தொகை பெறவும் உரிமை உண்டு. சிறுவர் துயரை 1098 என்னும் எண்ணிற்கு எவரும் அறிவிக்கலாம்.

இக்கடன் ஆலைக்கும் அங்காடிக்கும் மட்டும் உரியதன்று. திருக்கோயில் திருப்பணிக்குக் கல் வாங்குவோரும், திருமடத்து அன்னசாலைக்கு அரிசி வாங்குவோரும், திருவிழாவிற்கு ஆடையும் மலரும் வாங்குவோரும் வாங்குவோரே. இறைவனுக்குச் சாத்தும் மலரிற் புழுக்கடி உண்டோ என்று ஆராய்ந்து எடுக்கும் கைகள், அத்திருக்கோயில் மதிலின் கல்லை அறுத்த கையில் தழும்பு உண்டோ என்றும் ஆராய்தல் முறையன்றோ? வில்லியனூரிலும் பாகூரிலும் ஒரு திருப்பணிக் குழுவினர் முதலில் இவ்வினாவைக் கேட்பாராயின், சூளைக்காரரும் அதற்கு விடை கூற அணியமாவர்.

உயிர்களின் கட்டையெல்லாம் அவிழ்ப்பவன் இறைவன். அவன் திருவருளை வேண்டி நிற்போர், தம் காசினால் மற்றோர் உயிரைக் கட்டி வைத்துக்கொண்டு தம் கட்டு அவிழ வேண்டுதல் ஏற்குமோ? பொருளை வாங்குமுன் அதனை ஆக்கிய கை கட்டுண்டதோ என்று கேட்டலும் ஒரு சிவத்தொண்டே என்க.

திருச்சிற்றம்பலம்.